வலது பக்கம் வீட்டுக்கு

அத்தியாயம் ஏழு

"இந்தப் பேனா எங்கே போய்த் தொலைஞ்சுது?"

அந்த வீட்டில் அவள் கடைசியாகத் தேடியது அந்தப் பேனாவைத்தான்.

ஃப்ரிட்ஜின் தலைமேல் மகளின் பள்ளி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் பாதி முடிந்த கொண்டையைப் பிடித்தபடி, இன்னொரு கையைப் பின்னால் நீட்டினாள். தச்சன் தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்தக் கையில் வைத்தான். பலகையில் குறி போடுகிற தட்டைப் பென்சில்.

"இதால எழுதினா டீச்சர் என்னைத் தச்சன் பொண்டாட்டின்னு நினைப்பாங்க."

"அதுதானே நீ?"

"அதுக்காக விளம்பரமா போடணும்?"

எழுதி முடித்தாள். பென்சிலைத் திரும்ப அவன் காதிலேயே செருகினாள். மகளின் பைக்குள் நோட்டைத் திணித்து ஜிப்பை இழுத்தாள். தாயும் மகளும் படியிறங்கிப் போனார்கள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. அன்று பதினொன்றரை மணிக்கு, ஒரு பெரியவருக்குக் கண்ணாடி காதுப் பக்கம் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே கவுன்ட்டரில் சாய்ந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் என்றார் டாக்டர். யார்மீதும் பழிபோட வழியில்லாத சாவு. அது ஒரு தனிக் கஷ்டம். வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

அதன் பிறகு நடந்ததெல்லாம் வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவனுடைய அக்கா வந்து சமையலறையை எடுத்துக்கொண்டாள். அவன் ஐந்தாம் நாளே பட்டறைக்குப் போய் ரம்பத்தைப் பிடித்தான். மகள் ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். அவளுக்கு நாலு வயது. ஆள் சிறிசு, காரம் பெரிசு, அதனால் மிளகு. இன்றுதான் கதவைத் தட்டுகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்த பத்தாம் நாள் காலை மிளகு ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே செய்தி சொன்னாள்.

"அப்பா, நான் பால் முழுசா குடிச்சேன்ல, அது அம்மாவுக்குத் தெரியும்."

சட்டைப் பட்டனில் இருந்த அவன் விரல் நின்றது. "எப்படித் தெரியும்?"

"எழுதியிருந்தா. நேத்து டீச்சர் படிச்சாங்க."

சமையலறை வாசலில் அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். தம்பி அவளைப் பார்த்தான். "என்னை ஏன்டா முறைக்கிறே? நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை" என்றாள்.

ஐந்து நாளைக்கு முன்னால்தான் அவன் மகளை மடியில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தான். அதைச் சொல்ல அவனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. மிளகு கேட்டாள், தலையாட்டினாள், இறங்கி விளையாடப் போய்விட்டாள். குழந்தைக்கு எவ்வளவு மனத்தெம்பு என்று அக்காவும் தம்பியும் வியந்து பேசிக்கொண்டார்கள். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

அவன் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அப்பா சொன்னேனேம்மா. அம்மா இனிமே வரமாட்டான்னு."

"வீட்டுக்குத்தான் வரமாட்டா." விவரம் புரியாதவனுக்கு எடுத்துச் சொல்கிற பொறுமை அவள் குரலில் இருந்தது. "ஸ்கூலுக்கு எழுதுவா."

அவன் எழுந்தான். "பட்டறைக்கு மத்தியானம் போய்க்கிறேன். இவளை நான் கொண்டுபோய் விடறேன்."

"சண்டைக்குப் போறியா?"

"நோட்டு எங்கே?"

"பையில. நீதானே அதை யாரும் தொடக் கூடாதுன்னு கத்தினே? தொடலை சாமி. எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கு. போகுது, வருது."

---

பாலர் பள்ளியில் காலை ஒன்பதரைக்கு 'வீட்டுச் சேதி'. பதினெட்டுப் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. இடது பக்கம் பள்ளிக்கு, வலது பக்கம் வீட்டுக்கு. அன்றன்று நடந்ததை டீச்சர் இடது பக்கத்தில் எழுதி அனுப்புவார். வீட்டில் நடந்ததை வலது பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வரி போதும். காலையில் அந்த ஒரு வரியை டீச்சர் எல்லோருக்கும் உரக்கப் படிப்பார். வீட்டில் தன்னைப் பற்றிப் பேசினார்கள், எழுதினார்கள் என்பது அந்த வயதில் சின்ன விஷயமில்லை.

இந்த ஏற்பாடெல்லாம் அவனுக்குத் தெரியாது. நோட்டு என்று ஒன்று இருக்கிறது, அவள் எழுதுகிறாள், அவ்வளவுதான் அவன் அறிந்தது. உள்ளே போகாமல் ஜன்னலோரம் நின்றான்.

"இவன் தாத்தாவோட பல்செட்டை எடுத்து அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சுட்டானாம்" என்று டீச்சர் ஒரு நோட்டைப் படித்தார். பாய் முழுக்கச் சிரிப்பு. குற்றவாளி எழுந்து நின்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்தது மிளகின் நோட்டு.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண்மணி. பக்கத்தைத் திருப்பினார். ஜன்னலிலிருந்து பார்த்தபோது அந்த வலது பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது.

"மிளகோட அம்மா எழுதியிருக்காங்க" என்று டீச்சர் படித்தார். "நேத்து மிளகு ரெண்டு பின்னலையும் தானே அவிழ்த்தா. ஒரு ரிப்பன்கூடத் தொலைக்கலை."

நிதானமாக, வரியின் முடிவில் கண் நிற்க, எழுத்தைப் பார்த்துப் படிப்பது போலவே படித்தார். மிளகு டீச்சரைப் பார்க்கவில்லை. அவள் கண் நோட்டின் அட்டைமேல் இருந்தது. வாய் திறந்திருந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவன் கை வலித்தது.

---

பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு டீச்சர் அவனைச் சாமான் அறைக்கு அழைத்துப் போனார். சுருட்டிய பாய்கள், கட்டைகள், ஒரு கை இல்லாத பொம்மைகள். உட்கார பிள்ளைகளின் நாற்காலிகள்தான். ஓரடி உயர நாற்காலியில் அவன் உட்கார்ந்தபோது முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. நாற்காலியின் ஒரு கால் ஆடியது. இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அந்தக் கோபத்திலும் அவன் கைக்குத் தெரிந்தது.

"அதை என் பொண்டாட்டியா எழுதினா?"

"இல்லை சார்."

"வெள்ளைப் பேப்பரைப் பார்த்துப் படிக்கிறீங்க."

"ஆமாம் சார்."

மழுப்புவார் என்று நினைத்து வந்திருந்தான். இந்த 'ஆமாம்' அவன் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னான்.

"அவ போயிட்டான்னு வீட்டுல நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் புரிய வைக்கப் பார்க்கறேன். நீங்க இங்க தினமும் ஒன்பதரைக்கு அவளை எழுப்பி உட்கார வைக்கறீங்க."

டீச்சர் கேட்டார்: "போயிட்டான்னு சொன்னீங்களா சார், இல்லை செத்துட்டான்னு சொன்னீங்களா?"

"வரமாட்டான்னு சொன்னேன்."

"எனக்கு அதுகூடத் தெரியாது. உங்க அக்கா போன் பண்ணினாங்க. விஷயத்தைச் சொல்லி, 'பிள்ளைகிட்ட நாங்களே பக்குவமாச் சொல்லிக்கிறோம், நீங்க ஒண்ணும் உளறிடாதீங்க'ன்னு சொன்னாங்க. அப்புறம் சொன்னீங்களா இல்லையான்னு யாரும் எனக்குச் சொல்லலை. நான் கேட்டேன் சார். தினமும் கேட்டேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்ட."

நோட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பி, ஆடுகிற இன்னொரு நாற்காலியின் மேல் வைத்தார். இடது பக்கங்கள்.

'மிளகு இன்று மீண்டும் வந்தாள். எல்லோரோடும் விளையாடினாள். வீட்டில் அவளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரிவித்தால் நானும் அதையே சொல்வேன்.'

'வீட்டுச் சேதி நேரத்தில் தன் நோட்டைத் தானே எடுத்து என்னிடம் நீட்டினாள். பக்கம் காலியாக இருந்தது. ஏதோ ஒன்று சொல்லிச் சமாளித்தேன். தயவுசெய்து ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.'

'அம்மாவுக்கு இன்னும் கோபமா என்று கேட்டாள். என்ன சொல்லட்டும்?'

'நீங்கள் நேரில் வர முடியுமா? எந்த நேரமானாலும் சரி.'

'நான் செய்வது சரியில்லை என்று தெரிகிறது. நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை.'

ஒன்பது நாள், ஒன்பது இடது பக்கங்கள். எதிரே ஒன்பது வெள்ளைப் பக்கங்கள்.

"இதைத் திறக்கவே இல்லையா சார்?"

அவன் தலையசைத்தான். நோட்டைத் திறந்தால் எது முன்னால் வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். டீச்சருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பி அந்த இடத்தில் நிறுத்தினார்.

தட்டைப் பென்சிலின் தடித்த எழுத்து. 'இடது ஷூ கடிக்கிறது. மத்தியானம் கழற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை புதுசு வாங்கிவிடுகிறேன்.'

கல்யாணமான புதிதில் ஒருநாள், செருப்பு ஏன் ஒரு காலில் மட்டும் பிய்கிறது என்று பார்க்க, அவன் இஞ்ச் டேப்பை எடுத்து அவள் இரண்டு பாதங்களையும் அளந்தான். இடது கால் ஒரு நூல் பெரிசு. மரத்தை அளக்கிறவர்களுக்கு ஒரு நூல் என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "மரமா இருந்தா சீவிடலாம்" என்றான். "எங்கே, சீவித்தான் பாரேன்" என்று அவள் அந்தக் காலாலேயே அவனை உதைத்தாள். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் முதலில் பார்க்கச் சொன்னது குழந்தையின் பாதங்களைத்தான்.

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைக்க அவசியமில்லாத அளவுக்கு அது சுத்தமாகத்தான் இருந்தது.

"இதுவே அவங்க போட்டுக் கொடுத்ததுதான் சார். 'டீச்சர், இனிமே கடைசி வரிசைப் பிள்ளை மூக்கை நோண்டினாலும் தெரியும்'னாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் குரல் அப்படியே கேட்டது. சிரிப்பாக ஆரம்பித்தது பாதியில் வேறு ஏதோவாகி, அவன் முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்துக்கொண்டான். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து அவனே கேட்டான். "பால் குடிச்சது, பின்னல் அவிழ்த்தது எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலைல வந்ததும் அவளே என் காதுல சொல்லுவா. அதைத்தான் திருப்பிப் படிச்சேன். முதல் நாள் அவ அழுதுடக் கூடாதுன்னு செஞ்சேன். அப்புறம், படிக்கும்போது அவ முகத்தைப் பார்க்கணும்னு செஞ்சேன். அது தப்பு சார். பொய்க்குப் பழகினது அவ இல்லை, நான்."

"நானும் நோட்டைப் பார்த்திருக்கணும்."

"பார்த்திருக்கணும்" என்றார் டீச்சர். ஆறுதலுக்காக அதை மறுக்கவில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

"உங்க அக்கா என்ன சொல்லியிருக்காங்க அவகிட்ட?"

"வானத்துல இருக்கான்னு."

டீச்சர் பெருமூச்சுவிட்டார். "வானத்துல இருக்கா. வீட்டுக்கு வரமாட்டா. ஸ்கூலுக்கு எழுதுவா. மூணு பேரும் ஆளுக்கொண்ணு சொல்லியிருக்கோம். அவ கெட்டிக்காரி. ஒண்ணையும் வீணாக்காம மூணையும் சேர்த்து ஓர் அம்மாவைக் கட்டிக்கிட்டா."

அவன் கைப்பேசியை எடுத்தான்.

"அக்கா, இனிமே வானம் வேண்டாம்."

"பின்னே என்னடா சொல்றது?"

"செத்துப்போயிட்டான்னு."

"சின்னப் பிள்ளைகிட்ட அந்த வார்த்தையா?"

"அதுதான். வீட்டுலயும் ஸ்கூல்லயும் அதே வார்த்தை. டீச்சரும் அதைத்தான் சொல்லப்போறாங்க."

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. "முதல்ல நான் தனியா ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கறேன்டா" என்றாள் அக்கா. "எனக்கே இன்னும் வாயில வரலை."

அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்தான். பத்தாவது வெள்ளைப் பக்கத்தைத் தடவிப் பார்த்தான். அளவுகளைத் தவிர எதையும் எழுதிப் பழகாத கை. நீளம், அகலம், கனம். இதற்கு எந்த அளவும் தெரியவில்லை. இரண்டு வரி எழுத அரைமணி நேரம் ஆனது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. நடுவில் ஒருமுறை வகுப்பறைக்குப் போய்ச் சண்டை ஒன்றைத் தீர்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

'அம்மா செத்துவிட்டாள். இனி இந்தப் பக்கத்தில் நான்தான் எழுதுவேன். அப்பா.'

---

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மிளகை அழைத்து வந்தார்கள். பகலில் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் பார்த்ததில் அவளுக்கு ஏகப்பட்ட குஷி. "நீ இந்தச் சின்ன நாற்காலில உட்கார்ந்தியா? உடைஞ்சுதா?"

"இல்லை. ஆடுது. சரிபண்ணித் தரேன்."

அவளைத் தன் முன்னால் நிறுத்தி, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவன் தான் எழுதியதைப் படித்தான். முதல் வரியைப் பாதியில் விட்டான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"செத்துப்போறதுன்னா?" என்றாள் மிளகு.

"உடம்பு நின்னுபோறது. மூச்சு, பேச்சு, நடக்கறது, எழுதறது எல்லாம். திரும்ப ஓடாது."

"அன்னைக்குக் காலைல நான் பால் கொட்டினேன்னு அம்மாவுக்குக் கோவமா?"

"இல்லைடா. கோவமே இல்லை. உன்னால இல்லை. தலைக்குள்ள ஒரு ரத்தக்குழாய் வெடிச்சுடுச்சு."

அவள் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

"அப்ப எழுதினது யாரு?"

டீச்சர் தரையில் உட்கார்ந்தார். "யாரும் எழுதலை மிளகு. அம்மா எழுதலை. நான் பொய் சொன்னேன்."

"பின்னலை அவிழ்த்தது?"

"காலைல நீதான் என் காதுல சொன்னே."

"நான் சொன்னதையே என்கிட்ட சொன்னியா?"

"ஆமாம். தப்புப் பண்ணிட்டேன். இனிமே செய்யமாட்டேன்."

மிளகு அழவில்லை. அழுதிருந்தால் பெரியவர்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவள் அப்பாவின் மடியிலிருந்து நோட்டை எடுத்தாள், மூடினாள், கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு அப்பா எழுதித் தரேன். டீச்சர்கிட்ட கொடுப்பியா?"

நோட்டை இடுக்கிய கக்கம் இன்னும் இறுகியது. டீச்சர் கையை நீட்டவில்லை. நாளை ஒன்பதரைக்கு அந்த நோட்டு பாய்க்கு வருமா என்பதை இனி அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்தது. டீச்சரின் கை பழக்கத்தில் அவளுடைய இடது ஷூவை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"தினமும் கழட்டறீங்களா?" என்றான் அவன்.

"அன்னைக்கிலிருந்து. கடைசியா வீட்டுலிருந்து வந்த சேதி அதுதானே சார்? வேண்டாம்னு யாரும் எழுதலை."

மிளகு அந்தக் கையைப் பார்த்தாள். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு அதை அப்பாவிடம் நீட்டினாள்.

"நீ கழட்டு."

வாரை அவிழ்த்து ஷூவை உருவினான். சுண்டுவிரல் ஓரமாக, நகத்தின் அகலத்துக்கு ஒரு சிவந்த தழும்பு. இத்தனை நாளில் அதை அவன் இப்போதுதான் பார்க்கிறான். கட்டைவிரலால் அதை நீவிவிட்டான். பிறகு இடுப்பிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து இழுத்தான்.

முதலில் வலது பாதத்தை அளந்தான். அடுத்து இடது பாதத்தை அளந்தான். நம்பாமல் இரண்டையும் இன்னொரு தடவை அளந்தான். மிளகு நோட்டை விடாமல், அவன் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள்.

இடது கால் ஒரு நூல் பெரிசு.